வாசகர் கேள்வி – பதில்: வீட்டில் படிக்கும் பிள்ளைக்குக் காய்விட ஒரு தோழன் வேண்டாமா?

சென்ற இதழில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளின் வீட்டுப்பாடச் சுமையைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, 'பள்ளியே வேண்டாம், வீட்டிலேயே படிக்க வைத்தால் என்ன?' என்று பலர் எழுதியிருக்கிறார்கள். அவற்றில் ஐந்து கடிதங்களுக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அரசுப் பள்ளிகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். என் மனம் பள்ளியின் பக்கம் சாய்ந்தே இருக்கும் என்பதை மனத்தில் கொண்டு படியுங்கள்.

மதிப்பிற்குரிய அம்மா, எட்டு வயதான என் மகன் ஒரு மெட்ரிக் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கிறான். மாலை ஐந்தரைக்கு வேனிலிருந்து இறங்குபவன் இரவு ஒன்பது மணி வரை எழுதிக்கொண்டே இருக்கிறான்; காலையில் வயிறு வலிக்கிறது என்று அழுகிறான். நானும் கணவரும் வீட்டிலிருந்தே வேலை செய்கிறோம் என்பதால் பள்ளியிலிருந்து நிறுத்தி நாங்களே கற்பிக்க நினைக்கிறோம். 'நாலு பேரோடு பழகாத பிள்ளை நாளைக்கு எப்படிப் பிழைக்கும்?' என்று மாமியார் கேட்கிறார். நீச்சல், கீபோர்டு, அபாகஸ் என்று வாரம் முழுவதும் பிள்ளைகளோடுதானே இருக்கிறான், அது போதாதா? – வாசகி, கோயம்புத்தூர்

உங்கள் மாமியாரின் கேள்வியைப் பழங்காலத்து அச்சம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஆனால் அந்த 'நாலு பேர்' யார் என்பதை நாம் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

நான் பணியில் இருந்தபோது, அதுவரை வீட்டிலேயே படித்த பையன் ஒருவன் எங்கள் நடுநிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்ந்தான். தமிழும் கணக்கும் அவனுக்கு வகுப்பில் எவரையும் விட நன்றாக வந்தன. ஆசிரியர்களிடம் பெரிய மனிதரைப் போலக் கூச்சமின்றிப் பேசுவான். முதல் வாரத்தில் ஒரு நாள், மதிய இடைவேளையில் வேப்பமரத்தடியில் பையன்கள் கோலி ஆடிக்கொண்டிருந்தபோது, அவன் சோற்று டப்பாவை இரண்டு கைகளாலும் பிடித்தபடி மூன்றடி தள்ளி வெகுநேரம் நின்றிருந்தான். பிறகு நேராக என்னிடம் வந்து, "டீச்சர், என்னையும் சேர்த்துக்கச் சொல்லுங்க" என்றான். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்று சேர்த்துக்கொண்டிருப்பார்கள், மறுநாள் விட்டிருப்பார்கள். அதனால் சொல்லவில்லை, மனம் கேட்காமல் சன்னலோரமாக நின்று பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன். மூன்றாம் நாள் தன் காலடிக்கு உருண்டு வந்த கோலியை எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டு, "எனக்கும் ஒரு ஆட்டம் கொடுத்தாத்தான் தருவேன்" என்றான். சண்டை வந்தது, சட்டையில் ஒரு பித்தான் அறுந்தது. அடுத்த நாள் பார்த்தால், அதே பையன்களோடு குந்தி உட்கார்ந்து, குழிக்கும் கோட்டுக்கும் எத்தனை சாண் என்று வாதாடிக்கொண்டிருந்தான்.

அவனுக்கு அதுவரை கிடைக்காமல் இருந்தது பேச்சுத் திறமையன்று, பெரியவர் நடுவில் இல்லாத இடம். இதே கோலி விளையாட்டைத்தான் சுவிட்சர்லாந்தின் உளவியலாளர் ழான் பியாஜே பிள்ளைகளுக்கு அருகில் இருந்து கவனித்து, விதிகளைப் பற்றி அவர்களையே கேட்டுக் கேட்டு, 1932இல் எழுதினார். சின்னப் பிள்ளைகள் விதியைப் பெரியவர்கள் தந்த, யாரும் தொட முடியாத ஒன்றாக நினைக்கிறார்கள். பத்து வயதை ஒட்டி, 'நாம் எல்லோரும் ஒத்துக்கொண்டால் மாற்றலாம்' என்ற தெளிவு வருகிறது. சமமானவர்களோடு மோதியும் பேசியும் பழகுவதில்தான் அந்த மாற்றம் நிகழ்கிறது என்பது அவர் கண்டது. ஆட்டத்தை நிறுத்திவிட்டு அவுட்டா இல்லையா என்று அரைமணி நேரம் வாதாடும் நம் தெருப் பிள்ளைகள் அந்தப் பாடத்தைத்தான் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

நீச்சல் வகுப்பும் அபாகஸும் இந்த இடத்தை ஏன் நிரப்பாது என்பதற்கும் இதுவே காரணம். அங்கே பயிற்சியாளரின் விசில் இருக்கிறது. ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. ஒருவனோடு ஒத்துவரவில்லை என்றால் பேட்சை மாற்றிவிடலாம். பிள்ளைகள் காய் விடுவதும் பழம் விடுவதும் அப்படி நடக்கக்கூடியவை அல்ல. காய் விட்டவன் மறுநாளும் அதே பெஞ்சில் பக்கத்தில் வந்து உட்கார வேண்டும். முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு நாளை ஓட்டிப் பார்த்து, அது தாங்காமல் பென்சில் சீவியைக் கடன் கேட்கும் சாக்கில் பேச வேண்டும். யார் முதலில் விரலை நீட்டுவது என்ற கௌரவப் பிரச்சினையைத் தானே தீர்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு, நீங்கள் தேர்ந்தெடுக்காத, எளிதில் விலகிப் போக முடியாத அதே பிள்ளைகள் நாள்தோறும் வேண்டும். பள்ளி இதைத் திட்டமிட்டுத் தருவதில்லை. நாற்பது பிள்ளைகளை ஒரு கூரையின் கீழ் வைத்திருப்பதால் அது தானாக நடக்கிறது.

வீட்டில் படிக்கும் பிள்ளைகள் எல்லோரும் பழகத் தெரியாதவர்கள் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அது பொய்யாகும். அமெரிக்காவில் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் லாரி ஷையர்ஸ் என்பவர் 1992இல் ஓர் ஆய்வு செய்தார். 8 முதல் 10 வயது வரையிலான, வீட்டில் படிக்கும் 70 பிள்ளைகளையும் பள்ளியில் படிக்கும் 70 பிள்ளைகளையும் விளையாடும்போது படம் பிடித்து, யார் எந்த வகை என்று தெரியாதவர்களைக் கொண்டு மதிப்பிடச் செய்தார். வீட்டில் படித்தவர்களிடம் அடித்தல், கத்தல் போன்ற முரட்டு நடத்தைகள் குறைவாகவே இருந்தன. அதை நான் நம்புகிறேன். எங்கள் பையனும் அப்படித்தான் மரியாதை தெரிந்தவனாக வந்தான். ஆனால் இத்தகைய ஆய்வுகளுக்குத் தாமாக முன்வரும் குடும்பங்கள் பெரும்பாலும் வசதியும் அக்கறையும் உள்ளவை என்பது ஒன்று. புதியவர்களோடு சிறிது நேரம் இணக்கமாக இருப்பதும் பழையவர்களோடு ஆண்டுக்கணக்கில் ஒத்துப்போவதும் வேறு வேறு என்பது இன்னொன்று.

இனி, நீங்கள் செய்யக்கூடியவை. முதலில் வயிற்று வலிக்குக் குழந்தை மருத்துவரைப் பாருங்கள். பிறகு வகுப்பு ஆசிரியரைச் சந்தித்துப் பள்ளியில் அவனை யாராவது அடிக்கிறார்களா, திட்டுகிறார்களா என்று கேளுங்கள். அடுத்து, உங்கள் கடிதம் வெறுப்பது பள்ளிக்கூடத்தையா, அந்த ஒரு பள்ளிக்கூடத்தையா என்று யோசியுங்கள். நீங்கள் மெட்ரிக் பள்ளி, வீடு என்று இரண்டைத்தான் எடைபோட்டிருக்கிறீர்கள். நடந்து போகும் தொலைவில் உள்ள மாநகராட்சித் தொடக்கப்பள்ளி உங்கள் கணக்கிலேயே வரவில்லை. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கப்பட்ட காலை உணவுத் திட்டத்தில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து உப்புமாவும் பொங்கலும் சாப்பிடும் நேரத்தில் ஒரு முறை போய்ப் பாருங்கள். தட்டைக் கழுவும் குழாயடியில், பெரிய பெண் சின்னவனுக்குக் கை நனையாமல் சட்டையை மடித்துவிடுவதை எந்தப் பாடத்திட்டத்திலும் எழுதி வைக்கவில்லை. அங்கே மூன்றரை மணி நேர வீட்டுப்பாடமும் இருக்காது.

இதன் பிறகும் வீட்டுக்கல்விதான் என்று முடிவெடுத்தால், ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள்: ஒரே தெரு, ஒரே நேரம், அதே பிள்ளைகள், தினமும் ஒரு மணி நேரமாவது, அருகில் பெரியவர் இருந்தாலும் ஆட்டத்துக்குள் நுழையாமல். எல்லோரும் ஒரே வயதாக இருக்க வேண்டும் என்பதில்லை. பள்ளியைவிட வீட்டுக்கல்விக்கு உள்ள உண்மையான மேன்மை அதுதான் என்றே நினைக்கிறேன். நம் திண்ணைப் பள்ளியில் பல வயதுப் பிள்ளைகள் கலந்திருந்தார்கள். சட்டாம்பிள்ளை சின்னவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தான். பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளுக்கு மணலில் எழுதிக் கற்பிப்பதைச் சென்னையில் கண்ட ஆண்ட்ரூ பெல், அம்முறையைத் தன் பொறுப்பிலிருந்த ஆதரவற்றோர் பள்ளியில் கையாண்டு, 1797இல் இங்கிலாந்தில் நூலாக வெளியிட, அது 'மெட்ராஸ் முறை' என்ற பெயரிலேயே அங்கே பரவியது. தெரு விளையாட்டில் 'ஒப்புக்குச் சப்பாணி' என்று ஓர் ஏற்பாடு உண்டு. அந்தப் பெயர் இன்று நமக்கு உவப்பானதாக இல்லை. ஆனால் விளையாடத் தெரியாத சின்னத் தம்பியை விரட்டாமல், அவுட் கணக்கில் சேர்க்காமல், ஆட்டத்துக்குள் வைத்துக்கொள்ளும் அந்தக் கருணையைப் பிள்ளைகள் தாமாகவே கண்டுபிடித்திருக்கிறார்கள்.

கடைசியாக ஒரு கவலை. வீட்டிலிருந்து வேலை செய்வதும் வீட்டில் ஓய்வாக இருப்பதும் ஒன்றல்ல என்பது உங்களுக்கே தெரியும். இருவரும் மீட்டிங்கில் இருக்கும் நேரத்தில் பிள்ளைக்குத் துணை ஒரு டேப்லெட் என்றால், இப்போதைய பள்ளியே மேல்.

வீட்டில் வைத்துக் கற்பிப்பது சட்டப்படி குற்றமா? பின்னால் பத்தாம் வகுப்பு எழுத முடியுமா? – வாசகர், திண்டுக்கல்

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளை அருகமைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று 10ஆம் பிரிவில் சொல்கிறது. அக்கடமையைச் செய்யாத பெற்றோருக்குத் தண்டனை எதையும் அச்சட்டம் விதிக்கவில்லை. வீட்டுக்கல்வி என்ற ஒன்றை அது பெயர் சொல்லி அனுமதிக்கவும் இல்லை. ஆகவே பதிவு செய்யும் அலுவலகமோ ஆண்டுதோறும் வந்து பார்க்கும் அதிகாரியோ கிடையாது. இது வசதி என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு இது அச்சமாகவே இருக்கிறது. ஏனென்றால், வீட்டில் ஆர்வத்தோடு கற்கும் பிள்ளையையும், வீட்டு வேலைக்காக நிறுத்தப்பட்ட பெண்பிள்ளையையும் வேறுபடுத்திப் பார்க்க எவருமில்லை.

தேர்வைப் பொறுத்தவரை, தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் 14 வயது நிறைந்தவர்கள் பத்தாம் வகுப்புக்குப் பதிந்துகொள்ளலாம். மாநில அரசின் அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வும் இருக்கிறது. இடையில் மனம் மாறினால், 14 வயதுக்குள் எப்போது திரும்பினாலும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 4ஆம் பிரிவு கூறுகிறது. வீட்டுக்கல்வியைத் தொடங்கும் பெற்றோர் முதலில் இந்தப் பிரிவைத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அம்மா, என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். எந்தத் தெருவில் வீடு என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு, வகுப்புப் பிள்ளைகள் சிலர் அவளோடு சாப்பாட்டைப் பகிர்ந்துகொள்வதை நிறுத்திவிட்டார்கள். இப்போது பேசுவதும் இல்லை. 'பிள்ளைகள் சண்டை, தானாகச் சரியாகிவிடும்' என்கிறார் ஆசிரியர். அவள் வீட்டிலேயே இருந்துவிடுகிறேன் என்கிறாள். பழகக் கற்றுக்கொள்ளும் இடம் பள்ளி என்கிறீர்களே, இதையா கற்றுக்கொள்ள வேண்டும்? – வாசகி, திருநெல்வேலி

இல்லை, சகோதரி. இதை ஒரு பிள்ளையும் கற்கக் கூடாது. மேலே நான் காய் விடுவதைப் பற்றி எழுதியது உங்கள் மகளுக்குப் பொருந்தவே பொருந்தாது. காய் விடுவது இருவருக்குள், சமமாக, எதற்காக என்று இருவருக்கும் தெரிந்து நடப்பது; பழம் விட்டால் முடிந்துபோவது. உங்கள் மகளைப் பலர் சேர்ந்து, அவள் செய்யாத ஒன்றுக்காக, அவள் மாற்ற முடியாத ஒன்றுக்காகத் தள்ளி வைத்திருக்கிறார்கள். இதைச் சண்டை என்று சொல்லும் ஆசிரியர் தம் கடமையைத் தட்டிக்கழிக்கிறார்.

2023 ஆகஸ்டில் உங்கள் மாவட்டத்தின் நாங்குநேரியில், பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவனையும் அவன் தங்கையையும் உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய கொடுமை நடந்தது. அதன் பிறகு அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு குழு, 2024 ஜூனில் அரசிடம் அறிக்கை அளித்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளையும் அடையாளங்களையும் மாணவர்கள் அணிவதைத் தடுக்க வேண்டும், பள்ளிப் பெயர்களில் உள்ள சாதிச் சொற்களை நீக்க வேண்டும் என்றெல்லாம் அது பரிந்துரைத்தது. பள்ளி என்பது ஊரின் நற்குணத்தை மட்டும் சுமந்து வருவதில்லை என்பதைப் பள்ளியின் பக்கம் நிற்கும் என்னைப் போன்றவர்கள் மறைக்காமல் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இன்றே தலைமையாசிரியருக்கு எழுத்து வடிவில் புகார் கொடுங்கள். வாய்ச்சொல்லாகச் சொன்னதற்குத் தடயம் இருக்காது. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவே இருக்க வேண்டும் என்பது சட்டம். அவர்களில் ஒருவரையாவது துணைக்கு அழைத்துப் போங்கள். பதில் வராவிட்டால் கல்வித் துறையின் 14417 என்ற உதவி எண்ணிலும், குழந்தைகளுக்கான 1098 என்ற எண்ணிலும் சொல்லலாம்.

மகளைச் சில நாட்கள் வீட்டில் வைத்துக்கொள்வதில் தவறில்லை. அவள் மூச்சு வாங்கிக்கொள்ளட்டும். ஆனால் பள்ளியை விட்டே அவளை நிறுத்தினால், தள்ளி வைத்தவர்கள் வகுப்பில் இருக்க, தள்ளி வைக்கப்பட்டவள் வீட்டில் இருப்பாள். அவர்கள் நினைத்தது முழுதாக நடந்துவிடும். வேண்டுமானால் பள்ளியை மாற்றுங்கள். அதற்கு முன் அவளிடம், அந்த வகுப்பில் அவளைப் பார்த்து ஒரு முறையாவது சிரித்த பெண் யார் என்று கேளுங்கள். அப்படி ஒருத்தி பெரும்பாலும் இருப்பாள். மற்றவர்களுக்குப் பயந்து ஒதுங்கியிருப்பாள். அவளுடைய அம்மாவிடம் போய்ப் பேசுங்கள். ஒரே ஒரு தோழி பக்கத்தில் உட்கார்ந்துவிட்டால் அந்த வகுப்பறையே உங்கள் மகளுக்கு வேறாகத் தெரியும். என்ன நடந்தது என்று மீண்டும் எனக்கு எழுதுங்கள், காத்திருப்பேன்.

டெக்சாஸில் எங்கள் இரு பிள்ளைகளுக்கும் இரண்டு ஆண்டுகளாக நாங்களே கற்பிக்கிறோம். வேலை மாற்றத்தால் ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட் நகருக்குப் போகிறோம். அங்கும் தொடரலாமா? – வாசகர், டெக்சாஸ்

தொடர முடியாது. அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் வீட்டுக்கல்வி சட்டபூர்வமானது. டெக்சாஸில் அதை ஒரு தனியார் பள்ளியாகவே கருதுகிறார்கள். ஜெர்மனியிலோ, வெகு சில விலக்குகளைத் தவிர, பிள்ளை பள்ளிக்கு நேரில் போயாக வேண்டும் என்பது கட்டாயம். சமயக் காரணம் சொல்லி விலக்குக் கேட்ட கொன்ராட் குடும்பத்தின் மனுவை ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2006இல் ஏற்கவில்லை. வேறுபட்ட நம்பிக்கையுள்ளோர் தனித்தனிச் சமூகங்களாகப் பிரிந்துவிடாமல் ஒன்றாக வளர வேண்டும் என்று ஜெர்மனி சொன்ன காரணத்தை நியாயமானது என்றது. 2019இல் வுண்டர்லிஷ் குடும்பத்தின் வழக்கிலும் ஜெர்மனியின் பக்கமே தீர்ப்பு வந்தது. ஒன்றாக வளர வேண்டும் என்ற நோக்கத்தை நான் மனமார ஏற்கிறேன். ஆனால் அந்த இரண்டாம் குடும்பத்தின் பிள்ளைகளை 2013இல் மூன்று வாரம் பெற்றோரிடமிருந்து பிரித்து வைத்தார்கள். பழகக் கற்றுக்கொடுப்பதற்காகப் பிள்ளையை வீட்டிலிருந்து பிடுங்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

உங்கள் பிள்ளைகளுக்கு முதல் ஆறு மாதம் மொழியே பெரிய மலையாக இருக்கும். கிளம்புவதற்கு முன்பே, 'நானும் வரலாமா?', 'இது என் முறை', 'எனக்குப் பிடிக்கவில்லை' என்ற மூன்றையும் ஜெர்மன் மொழியில் சொல்லப் பழக்கிவிடுங்கள். இலக்கணத்தைப் பள்ளி பார்த்துக்கொள்ளும். விளையாட்டுத் திடலில் இந்த மூன்றும்தான் முதலில் வேண்டும்.

எனக்குப் பதினைந்து வயது. ஐந்தாம் வகுப்புக்குப் பிறகு வீட்டில்தான் படிக்கிறேன். திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குப் பதிந்திருக்கிறேன். கல்யாண வீட்டுக்குப் போனால் எல்லோரும், 'உனக்கு ஃபிரண்ட்ஸே இருக்க மாட்டாங்களே' என்று பரிதாபப்படுகிறார்கள். எனக்கு இரண்டு நண்பர்கள் இருக்கிறார்கள். அது குறைவா? – வாசகன், சேலம்

தம்பி, குறைவே இல்லை. அறுபது பேர் படிக்கும் வகுப்பில் ஒருவன்கூட இல்லாத பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். மணி அடித்ததும் நூலகத்துக்கு வந்து, படிக்காமல் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கல்யாண வீட்டில் கேட்பவர்களிடம் அந்த இருவரின் பெயரையும், போன வாரம் அவர்களோடு எங்கே போனாய் என்பதையும் சொல், பரிதாபம் நின்றுவிடும்.

எனக்கு வேறு ஒன்று தெரிய வேண்டும். அந்த இருவரும் உன்னைப் போலவே வீட்டில் படிப்பவர்களா, உன் அப்பா அம்மாவின் நண்பர்களுடைய பிள்ளைகளா? ஆம் என்றால், மூன்றாவதாக ஒருவனை நீயே தேடிக்கொள். மாலையில் உங்கள் ஊர் மைதானத்தில் கபடியோ கைப்பந்தோ ஆடும் அணி ஒன்று இருக்கும். அரசு நூலகத்தில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் அண்ணன்கள் இருப்பார்கள். முதல் நாள் யாரும் உன்னைக் கூப்பிட மாட்டார்கள். கோட்டுக்கு வெளியே நின்று, பந்து உன் பக்கம் வரும்போது எடுத்துப் போடு. இரண்டாம் நாளும் போ. சேர்த்துக்கொண்ட பிறகு, யாரோடாவது சண்டை வந்தால், அப்பாவிடம் சொல்லாமல் நீயே போய்ப் பேசித் தீர்க்க முடிகிறதா என்று பார்த்துவிட்டு எனக்கு எழுது.